வயிறுள்ள கிதார்

1957ஆம் வருடம், டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் மத்தியான பஸ்ஸில், ஓசூருக்குக் கொஞ்சம் முன்னால், எல்லை செக்போஸ்ட்டில் நடந்த கதை இது. எத்தனையோ பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எல்லோரிடமும் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியைச் சொல்ல அண்ணன் இப்போதுதான் சம்மதித்தார். "இனிமே என்ன பாப்பா, எழுதிக்கோ. என்னைப் புடிச்சுக்கிட்டுப் போகவா வரப்போறாங்க?" என்று சிரித்துவிட்டார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கிருஷ்ணகிரியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள், அதை விடுங்கள். டீச்சர் டிரெயினிங் படிக்கப் பெங்களூர் ஹாஸ்டலில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண். அவளிடம் ஒரு கிதார் இருந்தது. அவளுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்து, அதற்குப் பதிலாக கிதார் கற்றுக்கொண்டேன். ஊருக்கு வந்த பிறகு, கோயில் பாடகர் குழுவில் சாமியாரின் பழைய மரக் கிதாரை வாங்கி வாசிக்க ஆரம்பித்தேன்.

ஆனால் என்ன பிரயோஜனம்? நாற்பது பேர் வாயைத் திறந்தால் அந்தக் கிதார் எங்கே கேட்கும்? முதல் பெஞ்சைத் தாண்டாது. பூசை முடிந்ததும் ஒரு பெண் என்னிடம், "டீச்சர், நீங்க சும்மா புடிச்சுக்கிட்டுதான் இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அண்ணனுக்குத் தொழில் மைக் செட்டு. கல்யாணம், கட்சிக் கூட்டம், திருவிழா எதுவானாலும் சூளகிரியிலிருந்து சிங்காரப்பேட்டை வரைக்கும் அண்ணனின் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் தொங்கும். கரண்ட் இல்லாத ஊர்களில் கார் பேட்டரியில் ஆம்ப்ளிஃபயரை ஓட்டுவார். அவர்தான் ஒரு நாள் சாப்பிடும்போது, "மின்சார கிதார்னு ஒண்ணு இருக்குதாம். அத நேரா என் ஆம்ப்ளிஃபயர்ல சொருகுனா ஊரே கேக்கும்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், மறுநாளே பாடகர் குழுவில், "இந்தக் கிறிஸ்துமஸுக்கு எலெக்ட்ரிக் கிதார்!" என்று அறிவித்துவிட்டேன். கிதார் கையில் இல்லை. விலை என்னவென்றும் தெரியாது. ஆனால் அறிவிப்பு மட்டும் பலமாகப் போய்விட்டது. வாங்காமல் விட்டால் பிறகு அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க முடியுமா?

இரண்டு வருடச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அண்ணனோடு பெங்களூருக்குக் கிளம்பினேன். அவருக்கும் வேலை இருந்தது. ஆம்ப்ளிஃபயர் வால்வு போயிருந்தது, கண்டோன்மெண்டில் ஒரு ரேடியோக் கடையில் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சோதித்துப் பார்க்க ஒரு குழாய் ஸ்பீக்கரையும் கூடவே எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் கண்டோன்மெண்ட் பழைய சாமான் கடைகளில் பியானோ முதல் குழந்தைத் தள்ளுவண்டி வரை எல்லாம் மலிவாகக் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரை ரேடியோக் கடையில் கொடுத்துவிட்டு நாங்கள் போன கடையில் மின்சார கிதார் மூன்று இருந்தது. கடைக்காரர் துடைத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். மூன்றும் மூன்று விதம்.

முதலாவது, மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் கம்பியைத் தேய்த்து வாசிப்பது. கேட்க இழைவாகத்தான் இருந்தது. ஆனால் பாடகர் குழுவில் எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்து மடியில் எதையோ தேய்த்துக்கொண்டிருப்பதா? அதை ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது, ஒரு பலகை. உண்மையிலேயே பலகைதான். யாரோ ஒரு ரேடியோ மெக்கானிக் தேக்குப் பலகையை அறுத்து, கம்பி கட்டி, கம்பிக்குக் கீழே காந்தம் பதித்துச் செய்தது. உள்ளே பொந்து கிடையாது, கனமான ஒரே துண்டு. கரண்ட் இல்லாமல் தட்டினால் முணுமுணுக்கும். கடை ரேடியோவில் இணைத்துத் தட்டினால் கணீரென்று அறைந்தது. எண்பத்தைந்து ரூபாய்.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. தேன் நிறம். பின்னால் புடைத்த பெரிய வயிறு, இடுப்பில் வளைவு, மேலே வயலினில் இருப்பதுபோல் இரண்டு பக்கமும் நெளிந்த மெல்லிய பிளவுகள். உள்ளே முழுக்கப் பொள்ளல். கரண்ட் இல்லாவிட்டாலும் பாடும், கரண்ட் கொடுத்தால் பாட்டோடு ஒரு கதகதப்பும் சேரும். மார்பில் அணைத்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினேன், அந்த அதிர்வு என் விலா எலும்பில் வந்து சேர்ந்தது. ஆட்டினால் மட்டும் உள்ளே ஏதோ உருண்டது.

"ஒரு நட்டு கழண்டு வயித்துக்குள்ள பூட்ச்சும்மா. அதனால ஒண்ணியும் ஆவாது. நூத்தி முப்பது குடுத்துட்டு எடுத்துகினு போ" என்றார் கடைக்காரர்.

அண்ணன் பலகையைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "பாப்பா, இத வாங்கிக்கோ. கைல இருக்கற காசுக்குள்ள வருது. மைக்ல சொருகுனா அந்த வயிறு எதுக்கு? வயிறு இருந்தா ஸ்பீக்கர் சத்தம் அதுக்குள்ள புகுந்து ஊளைதான் அதிகமாகும். தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், கேளு" என்றார்.

நான் கேட்கவில்லை. "அந்தத் துணி தோய்க்கிற பலகைய நான் கோயில்ல தூக்கிட்டு நிக்கணுமா? எல்லாரும் சிரிப்பாங்கண்ணா" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சத்தத்தைப் பற்றிய கவலை பாதிதான். அந்தத் தேன் நிறத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஊர் எப்படிப் பார்க்கும் என்ற நினைப்புதான் மீதி. முப்பது ரூபாய் குறைகிறது என்று தெரிந்தும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. வெட்கக்கேடு, ஒரு டீச்சர் கடையில் நின்று அழுகிறாள்!

அண்ணன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கை விட்டு, மடித்த நோட்டுகளை எடுத்து, முப்பது ரூபாயை மேஜைமேல் வைத்தார். "எங்கேயிருந்துண்ணா?" என்றேன். "மைக் செட்டு அட்வான்ஸ்" என்றார். நான் அதற்குமேல் கேட்கவே இல்லை. கேட்க எனக்கு எங்கே நேரம்? கிதாரைத் தடவிக்கொண்டிருந்தேன். "நீ இங்கயே இரு, நான் ஆம்ப்ளிஃபயர வாங்கிட்டு வந்துடறேன்" என்று போனவர் ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியோடு வந்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பசி போலிருக்கிறது என்று ஓட்டலுக்குக் கூட்டிப்போய், பஸ் சார்ஜுக்குத் தனியாக வைத்திருந்ததில் மிஞ்சிய சில்லறையில் இரண்டு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத்தான் சாப்பிட்டார்.

கிதாருக்கு உறை கிடையாது. அம்மாவின் பழைய சேலையைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். அண்ணனின் பெட்டி காலடியில் இருந்தது, குழாய் ஸ்பீக்கர் பஸ் கூரையில். அத்திப்பள்ளி தாண்டியதும் செக்போஸ்ட் வந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சீமையில் கடை திறந்திருக்கும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற எதற்குள்ளும் சரக்கு இருக்கலாம் என்பது நம் போலீஸின் கணக்கு. சைக்கிள் டியூபில் ஊற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பூசணிக்காயைக் குடைந்து ஊற்றுவார்கள். பண்டிகை நெருங்கினால் கெடுபிடி இரண்டு மடங்கு. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பெங்களூரிலிருந்து பொள்ளலான எதையும் கொண்டு வரக் கூடாது என்று. நான் கிறிஸ்துமஸ் சமயத்தில் பானை வயிற்றுச் சாமானைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்!

ஒரு இளம் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். அண்ணன் காலடியில் இருந்த பெட்டியைக் கைத்தடியால் தட்டினார். "மைக் செட்டுங்க, ரிப்பேருக்குப் போயிட்டு வருது" என்றார் அண்ணன். அண்ணன் அந்த வழியில் அடிக்கடி போய்வருகிறவர் என்பதால் போலீஸ்காரர் அதைத் தாண்டிவிட்டார். என் மடியைப் பார்த்ததும் நின்றார்.

"இது என்னாது?"

"கிதாருங்க."

"உள்ள என்னா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க, காத்து."

வாங்கி ஓர் ஆட்டு ஆட்டினார். உள்ளே நட்டு கடகடவென்று உருண்டது. "காத்து உருளுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

என்னையும் கிதாரையும் கீழே இறக்கினார்கள். அண்ணனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கினார். கொட்டகையில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், பெரிய மீசை, கண்ணில் தூக்கக் கலக்கம். பிளவு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நேர் கீழே தெரிந்ததே தவிர மூலைகள் தெரியவில்லை. தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். நட்டு பிளவுவரைக்கும் வருவதும், திரும்பி உள்ளே ஓடுவதுமாக விளையாட்டுக் காட்டியது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் ஈர்க்குச்சி விடச் சொன்னார். பூக்கூடைக்காரம்மா ஒருத்தி தெலுங்கில் ஏதோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டிரைவர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

"பாட்டில் இந்த ஓட்டைல போகாது. ஆனா டியூப்ப நொழச்சு உள்ளயே ஊத்திடலாம் ஏட்டய்யா. பின்னால பலகைய நெம்பிப் பாத்தா தீந்துச்சு" என்று இளம் போலீஸ்காரர் ஒரு இரும்புத் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வாங்கி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை! கிதாரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "நெம்புனா உடஞ்சிரும்! அப்புறம் அது கிதாரே இல்ல, விறகு. நான் வாசிச்சுக் காட்டறேன். உள்ள எதாச்சும் இருந்தா சத்தம் அமுங்கிப் போகும், கேட்டுப் பாருங்க" என்றேன். வாசித்தேன். ரோட்டில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. இளம் போலீஸ்காரர் காதைக் கிட்டக் கொண்டுவந்து, "கொசு கத்தற மாதிரி இருக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "கரண்ட் குடுத்தா தெரியும். எங்கண்ணன் ஆம்ப்ளிஃபயர் இங்கயே இருக்குது. பஸ் பேட்டரியில மாட்டலாம்!" என்றேன். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

"வேண்டாம் பாப்பா" என்றார் அண்ணன்.

நான் திரும்பிப் பார்த்தேன். டிசம்பர் மாதத்துச் சிலுசிலுப்பில் அவர் முகமெல்லாம் வியர்வை. "ஏட்டய்யா, கிதார் இங்கயே இருக்கட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்கறோம்" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! என் சொந்த அண்ணன், என் கிதாரைப் போலீஸ்காரர்களிடம் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். அவர்கள் ராத்திரியே நெம்பிப் பார்த்துவிட மாட்டார்களா?

"என்னண்ணா பயப்படற? நாம என்ன திருடுனோமா?" என்று கத்தினேன். பிறகு ஏட்டு பக்கம் திரும்பி, கை நீட்டிப் பேச ஆரம்பித்துவிட்டேன். "எங்கண்ணன் மைக் செட்ட இந்தப் பக்கம் யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. அவரு பொட்டியும் அவரு மனசும் ஒண்ணு. தெறந்து பாருங்க!"

இளம் போலீஸ்காரர் பெட்டியின் தாழ்ப்பாளில் கை வைத்தார். அண்ணன் பாய்ந்து, "வால்வு உடஞ்சிரும், நானே எடுக்கறேன்" என்று குறுக்கே குனிந்தார். ஏட்டு எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினார். அது இருந்த இடத்தில் வைக்கோல் விலகிக் குழிந்து கிடந்தது. ஏட்டு கீழே பார்த்தார், பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நிரூபித்துவிட்டேன் பார் என்ற தோரணையில் நின்றிருந்தேன்.

"நீ போய் டிரைவர்கிட்ட பேட்டரிக்கு ஒயர் புடி" என்று இளம் போலீஸ்காரரை அனுப்பினார் ஏட்டு. பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினார். அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். "வாசிம்மா, கேப்போம்" என்றார். நாற்காலி இருக்கும்போது பெட்டிமேல் ஏன் உட்காருகிறார், கச்சேரியை நன்றாக ரசிக்கக் கிட்ட வந்து உட்காருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவர் அலுத்துக்கொண்டே பேட்டரி மூடியைத் திறந்தார். அண்ணன் ஒயரை இரண்டு தரம் தப்பாக மாட்டினார். பஸ் கூரையிலிருந்த குழாய் ஸ்பீக்கரைக் கண்டக்டர் இறக்கினார். வால்வு சூடேறும்வரை காத்திருந்தோம். இத்தனை பேர் முன்னால் நான் அதுவரை தனியாக வாசித்ததே கிடையாது.

முதல் கம்பியைத் தட்டினேன்.

ஐயோ, அந்தச் சத்தம்! செக்போஸ்ட் கொட்டகை, புளியமரம், வரிசையாக நின்ற லாரிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய், எதிர்ப் பக்கத்து ராகிக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கே சிலிர்த்துவிட்டது. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டை வாசித்தேன். பயத்தில் வேகமாகத் தொடங்கிவிட்டேன், பிறகு கை தானாக நிதானத்துக்கு வந்தது. முடித்ததும் பூக்கூடைக்காரம்மா இன்னொன்று என்றாள். அவளே கோலாட்டப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்ட, அதைக் காதால் பிடித்து வாசித்தேன். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கை தட்டிக்கொண்டு வட்டமாக நாலு சுற்றுச் சுற்றினார்கள். அவசரப்படுத்திய டிரைவரே ஒரு கன்னடப் பாட்டு கேட்டார். லாரிக்காரர்கள் எல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். இளம் போலீஸ்காரர் தகட்டைத் தொப்பியில் தட்டித் தாளம் போட்டார்.

அண்ணன் மட்டும் சிரிக்கவே இல்லை. ஏட்டு பெட்டியைவிட்டு அசையவே இல்லை.

"வயித்துல ஒண்ணுமில்ல, அனுப்புங்க" என்று கடைசியில் ஏட்டு தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். எழுந்து, அண்ணன் ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியில் வைக்கிறவரைக்கும் கூடவே நின்றார். அண்ணன் தோளில் கை போட்டு, காதில் ஏதோ சொன்னார். நான் அதற்குள் பஸ்ஸில் ஏறி, எல்லோருடைய பாராட்டையும் வாங்கிக்கொண்டிருந்தேன். பூக்கூடைக்காரம்மா ஒரு முழம் கனகாம்பரம் வைத்துவிட்டாள். ஓசூர், சூளகிரி எல்லாம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். "பாத்தியாண்ணா, பயந்தியே, நான் எப்படிச் சமாளிச்சேன்!" என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அண்ணன் கதவைச் சாத்தினார். பெட்டியைத் திறந்து, ஆம்ப்ளிஃபயரை எடுத்து வைத்துவிட்டு, வைக்கோலுக்குள் கை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். பிறகு இன்னொன்று. இரண்டும் பிராந்தி. தரையில் வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது யாருக்குண்ணா?" என்றேன்.

விஷயம் இதுதான். சூளகிரிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், தை மாதம் மகன் கல்யாணத்துக்கு வருகிற சம்பந்திகளுக்காக இரண்டு பாட்டில் வாங்கி வரச் சொல்லி, பாட்டில் பணத்தோடு, தூக்கி வருகிற கூலியாக முப்பது ரூபாயையும் அண்ணன் பையில் திணித்திருக்கிறார். மைக் செட்டுக்காரர் பெட்டியை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு. அண்ணனுக்கு விருப்பமில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லிப் பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பையில் வைத்திருந்தார்.

"நீ அந்தப் பலகைய வாங்கியிருந்தா பணம் பையிலயே இருந்திருக்கும் பாப்பா. கூலிய எடுத்துக் குடுத்துட்டேன். அப்புறம் சாமான வாங்காம வர முடியுமா?" என்றார். திட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மாட்டியிருந்தால் ஜெயில். மைக் செட்டு பறிமுதல். அந்தப் பெட்டியைத்தான் நான், "தெறந்து பாருங்க" என்று கை நீட்டிக் கத்தியிருக்கிறேன்.

"ஏட்டு பாக்கலையா?" என்றேன்.

"நல்லாப் பாத்தாரு. பாட்டில் கழுத்து வெளிய தெரிஞ்சுது. அதனாலதான் மூடி மேல உக்காந்தாரு." அண்ணன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெளம்பும்போது காதுல சொன்னாரு: 'அந்தப் பொண்ணு உன்னய என்னமா நம்பிப் பேசுது பாரு. அது முன்னால உன்னப் புடிக்க எனக்கு மனசு வரல. இன்னொரு தரம் வைக்கோலோட வந்தா நானே பிரிப்பேன்'னு."

நான் ஓவென்று அழுதேன். அண்ணனும் அழுதார். பிறகு இருவரும் இரண்டு பாட்டிலையும் எடுத்துப்போய்ப் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றினோம். அந்த வாசனை போகவே மாட்டேன் என்றது. கூட்டம் முடிந்து வந்த அம்மா, "என்னடி நாத்தம்?" என்று மூக்கை உறிஞ்சினார். "ஆம்ப்ளிஃபயர் கழுவுனோம்மா" என்றேன். ஆம்ப்ளிஃபயரை யாராவது கழுவுவார்களா? அம்மா நம்பிவிட்டார். எங்கள் இருவருக்கும் அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மறுநாள் பூசை முடிந்ததும் இருவருமாகத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனோம். கொட்டிவிட்டதைச் சொன்னோம். அவர் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி ஒரு பாட்டம் திட்டினார். திட்டி முடித்ததும், பணத்துக்குப் பதிலாக மூன்று நாள் கல்யாணத்துக்கும் மைக் செட்டு இனாம், என் கிதார் கச்சேரியும் இனாம் என்று பேசி முடித்தோம். அந்தக் கல்யாணத்தில்தான் முதல் முதலாக ஒரு மேடையில் என்னைத் தனியாக உட்கார்த்தினார்கள். சம்பந்திகள் குடிக்க ஒன்றும் கிடைக்காமல், வேறு வழியில்லாமல், கடைசிவரைக்கும் என் வாசிப்பைக் கேட்டார்கள்.

அதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் பூசையில் கடைசி பெஞ்சுவரைக்கும் என் கிதார் கேட்டது. அண்ணன் சொன்னதுபோலவே அதன் வயிறு இடையில் ஒரு தரம் ஊளையிட்டது. அண்ணன் ஓடிவந்து ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்தார். "சும்மா புடிச்சுக்கிட்டு இருந்தீங்களா" என்று கேட்ட பெண் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அது போதும்.

நாலு மாதம் கழித்து மறுபடி அந்த வழியில் பஸ்ஸில் வந்தோம். கையில் பெட்டியும் இல்லை, கிதாரும் இல்லை. செக்போஸ்ட்டில் அதே ஏட்டு ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்! கடைசியில் கையை மட்டும் கூப்பினேன், கண் நிரம்பிவிட்டது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, இன்னும் உருளுதா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கை காட்டினார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

உருளுகிறது. அந்த நட்டை நான் எடுக்கவே இல்லை. ஒரு தரம் ரிப்பேருக்குக் கொடுத்தபோது கடைக்காரர் எடுத்துவிடப் பார்த்தார், சண்டை போட்டுத் தடுத்துவிட்டேன். கிதாரை எடுக்கும்போதெல்லாம் அது ஒரு தரம் கடகடவென்று ஓடும், அண்ணன் பக்கத்தில் இருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அன்றைக்கு நான் ஊர் கேட்கக் கத்தி, வாசித்து, என் கிதாரின் வயிறு காலி என்பதை நிரூபித்தேன். என் அண்ணனைக் காப்பாற்றியதோ, எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்.